பத்துச் சக்கரத்துக்காரி

விசாரணை அறைக்குள் மேஜர் வந்தான். அவன்மேல் புகார் கொடுத்த அவள் எழுந்து நின்று சல்யூட் அடித்தாள். காரியம் கெட்டது அங்கேதான்.

யாரும் அவளை எழச் சொல்லவில்லை. வாசல் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது, நாற்காலி பின்னால் நகர்ந்தது, முதுகு நிமிர்ந்தது, வலது கை நெற்றிக்குப் போயிற்று. விரல்கள் ஒட்டி, முழங்கை விறைத்து, குறை சொல்ல முடியாத சல்யூட். யாருக்கு அடிக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தபோது கை ஏற்கனவே மேலே இருந்தது. மேஜரும் பதிலுக்குக் கையை உயர்த்தினான். பரேடு மைதானத்தில் எதிர்ப்பட்ட ஒருத்தியைக் கடந்து போகிறவனைப் போலப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவளுக்குத் துணையாக வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த மேஸ்திரி கண்ணை மூடித் திறந்தாள்.

மேஸ்திரி என்பது பட்டப்பெயர். கட்டட வேலைக்காரக் குடும்பத்தில் மண்சட்டி சுமந்து வளர்ந்து, ராணுவத்தில் சமையல்காரியாகச் சேர்ந்து, யாரிடமும் சொல்லாத ஒரு காரணத்தால் பாதியில் வெளியே வந்தவள். இப்போது ஒரு டயர் கடையின் மாடியில் நான்கு அறை எடுத்து நடத்துகிறாள். படைக்குள் மேலதிகாரியாலோ கூட வேலை பார்த்தவனாலோ பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் அங்கே தங்கலாம். ஆஸ்பத்திரியோ விசாரணையோ, எங்கே போனாலும் மேஸ்திரி கூடப் போவாள். கெட்டுப்போனவள் என்று அவள் காதுபட யாராவது சொன்னால் தீர்ந்தது. “கெட்டுப்போறதுக்கு அவ என்ன நேத்துக் காய்ச்சுன பாலா?” என்று நடுத்தெருவிலேயே கேட்பாள்.

விசாரணை அறையில் அவளுக்கு வாய் கிடையாது. துணைக்கு வந்தவர் பேசக்கூடாது என்பது விதி. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கர்னல். மேஜருக்காகப் பேச ஒரு வக்கீல் வந்திருந்தார். நல்ல மனிதரைப் போலவே பேசினார்.

“இப்ப ஒரு சல்யூட் அடிச்சீங்களே, உங்களை யாராவது கட்டாயப்படுத்துனாங்களா?”

“இல்ல சார்.”

“மரியாதை இருக்கிறவங்களுக்குத்தானே கை தானா போகும்?”

அவள் தன் வலது கையைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு. வண்டிக்குள்ள வச்சு இப்படி நடந்துச்சுன்னு புகார் கொடுத்திருக்கீங்க. அதே வண்டியை எனக்கே திருப்பிக் கொடுங்கன்னும் கேட்டிருக்கீங்க. அப்படி ஒரு இடத்துக்கு யாராவது திரும்பிப் போகணும்னு ஆசைப்படுவாங்களா? எனக்குப் புரியல, அவ்வளவுதான்.”

கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மீதியை நாளைக் காலை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வெளியே வரும் பாதை வண்டிகள் நிற்கும் முற்றத்தை ஒட்டிப் போகிறது. நடுவில் கம்பிவேலி. மேஸ்திரி வேகமாக நடந்தாள். இந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் கூட்டிப்போய்விட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்தவள் வேலிக்கம்பியில் விரல்களைக் கோத்து நின்றுகொண்டிருந்தாள்.

பச்சை நிறத்தில் வரிசையாகப் பார வண்டிகள். கடைசிக்கு முந்தியது அவளுடையது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் எட்டு. அரிசி மூட்டையிலிருந்து குண்டுப் பெட்டிவரை எல்லாம் ஏற்றி மலைக்குப் போய் வந்த வண்டி. மேஸ்திரியின் வீட்டில் அவளுக்குப் பத்துச் சக்கரத்துக்காரி என்று பெயர் வந்ததும் இதனால்தான். அவசரத்துக்கு வெறும் பத்து.

“யாரு ஓட்டுறாங்களோ தெரியல,” என்றாள் பத்து. “சக்கரத்தை ஒரு பக்கமா ஒடிச்ச மேனிக்கே நிறுத்தியிருக்கான் பாருங்க. வாசல்ல செருப்பை உதறிட்டுப் போற மாதிரி.”

“வா, பஸ் போயிரும்.”

“கண்ணாடியக்கூடத் துடைக்கல.”

“வாடி.”

அவள் வந்தாள். ஆனால் பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்ததும் இடது கால் தானாக அமுங்கி அமுங்கி எழுந்தது. டிரைவர் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவள் காலும் கிளட்சு மிதித்தது. மேஸ்திரி பார்த்தும் பாராததுபோல இருந்தாள். இது புதிதில்லை. கீழே டயர் கடைக்கு லாரி வந்தால் மாடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவள் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். எஞ்சின் சத்தம் அடங்கும்வரை அசைய மாட்டாள். பசித்தவள் பக்கத்து வீட்டுச் சமையல் வாசனையை இழுப்பதுபோல அந்தப் புகையை இழுப்பாள். விடியலில் வரிசையாகக் கிளம்பிப்போன நாட்களைப் பற்றிப் பேசுவாள். முன்வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு மேகத்துக்குள் ஏறுவது, ஸ்டீயரிங் நடுங்கி நடுங்கித் தோள்பட்டைவரை வரும் அதிர்வு, மேலே போய்ச் சேர்ந்ததும் மூட்டை இறக்குகிறவர்கள் போடும் கூச்சல். நடந்த அந்த ஒரு காரியத்தைப் பற்றி அவள் பேசியது மிகக் குறைவு. வண்டியைப் பற்றிப் பேசியது மிக அதிகம்.

மேஸ்திரிக்கு அது பிடிபடவே இல்லை. பத்துவுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டும் வேலை விசாரித்து வைத்திருந்தாள். பகல் வேலை, சின்னப் பிள்ளைகள், மேலதிகாரி என்று ஒரு தலைமையாசிரியை. இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. முடிவு அவரவருடையது என்பது மேஸ்திரி போட்ட சட்டம்தான். தான் போட்ட சட்டமே சில நாள் தொண்டையில் முள்ளாகக் குத்தும்.

வீட்டுக்கு வந்ததும் பத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.

“வாபஸ் வாங்கிடறேன்க்கா.”

“ம்.”

“என் கையே எனக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சு. இனிமே நான் என்னத்தச் சொல்ல?”

உள்ளறையிலிருந்து ரேடியோ எட்டிப் பார்த்தாள். தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதனால் ரேடியோ. அந்த வீட்டில் பட்டப்பெயர் வைக்கிறவர்களுக்கு ஈவிரக்கம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து பத்துவின் அம்மா போன் பண்ணினாள். செங்கல் சூளையில் வேலை. மூச்சிரைப்போடுதான் எப்போதும் பேச்சு தொடங்கும்.

“என்னடி ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. நாளைக்கும் இருக்கு.”

“போதும் சாமி. வந்துரு. நடந்தது நடந்துபோச்சு, அந்த வண்டியப் பத்தி இனி வாயத் தொறக்காத. அதப் பாத்தாலே உனக்குக் குமட்டலையா? எனக்கு நெனச்சாலே குடலப் புரட்டுது.”

“குமட்டுதும்மா.”

“பின்ன?”

“குமட்டுது. ஆனா வேணும்.”

பின்னால் யாரோ செங்கல் அடுக்கும் சத்தம் கேட்டது. “சாப்டியா?” என்றாள் அம்மா கடைசியில். “சாப்டேன்” என்று பொய் சொல்லிவிட்டு பத்து போனை வைத்தாள்.

மேஸ்திரி அடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தப்பு பத்துவுடையது இல்லை. ஒரு வாரமாக இந்த வீட்டில் ஒத்திகை நடந்திருக்கிறது. வக்கீல் கேட்கப்போகிற கேள்விகள், கோபமூட்டினால் என்ன செய்வது, அழுகை வந்தால் யாரிடம் தண்ணீர் கேட்பது, எல்லாம் பழகியாயிற்று. ஆனால் அந்த ஒத்திகையில் மேஜராக வந்து உட்கார்ந்தது ரேடியோ. நைட்டியும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு. காக்கி பார்த்தால் எழு, பூட்ஸ் கேட்டால் எழு என்று வருடக்கணக்காக அடித்துப் பழக்கிய உடம்பை நைட்டிக்கு முன்னால் உட்காரவைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அதிலும் எல்லாருமே பட்டாளத்துக்காரிகள். வெளியாள் ஒருத்தி செய்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

“மடச்சி,” என்று மேஸ்திரி தன்னைத்தானே திட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

டயர்கடைக்காரர் ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு உதவி. பூட்ஸ் போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறி வரணும்.”

“வந்து?”

“உள்ள ஒரு நாற்காலி இருக்கும். உக்காரணும். நீங்கதான் மேஜர்.”

அவர் கையைத் துணியில் துடைத்தபடி யோசித்தார். “என்னையப் பாத்து எங்க வீட்டு நாயே எந்திரிக்காதும்மா. மேஜருங்கிற.”

“முகத்த உர்ருனு வச்சுக்கங்க, போதும்.”

“அது வரும். கடன் கேக்க வர்றவனுக்கு வச்சிருக்கேன்ல, அதே முகம்.”

மாடியில் மேசையைச் சுவரோரம் நகர்த்தி நாற்காலிகளைப் போட்டார்கள். பத்து மனமில்லாமல்தான் உட்கார்ந்தாள். ரேடியோ கர்னல். படியில் பூட்ஸ் சத்தம் ஏறியது. கனமான மனிதர், கால் வைக்கிற ஒவ்வொரு படியும் அதிர்ந்தது. கதவு திறந்தது.

பத்து எழுந்து நின்றாள். ரேடியோ எழுந்து நின்றாள். சுவரோரம் இருந்த மேஸ்திரியும் நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேர் கையும் நெற்றியில்.

டயர்கடைக்காரர் மிரண்டுபோய்த் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். “யாரு வந்தாங்க?”

முதலில் சிரித்தது ரேடியோ. அவள் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. மேஸ்திரி மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். அவள் கை இன்னும் முழுதாகக் கீழே இறங்கவில்லை. பட்டாளத்தைவிட்டு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இருட்டோடு எழுந்து ஆள் உயரத் துடுப்பால் அண்டாக்களைக் கிண்டியதும், தட்டோடு வரிசையில் நின்ற பையன்கள் இன்னும் கொஞ்சம் என்று முகத்தைத் தொங்கப்போட்டதும் ஒரு நொடியில் அந்தக் கைவழியாக வந்து போயின. அந்த அடுப்படியைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே தோன்றியதில்லை. வேண்டாம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மறுபடி,” என்றாள்.

டயர்கடை அண்ணன் மறுபடி ஏறி வந்தார். பத்து எழுந்தாள். மறுபடி. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டும் பாதி எழுந்தாள். அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“வந்துருச்சு பாத்தியா,” என்றாள் மேஸ்திரி. “இன்னும் ரெண்டு தரம்.”

“போதும்க்கா.”

“நாளைக்கு நெஜமா வருவான்டி. இவரு மாதிரி நல்ல மனுசன் இல்ல.”

“போதும்னா போதும்.” பத்துவின் குரல் உயரவில்லை, ஆனால் அண்ணன் கதவருகிலேயே நின்றுவிட்டார். “இந்த சல்யூட் எனக்குப் புடிக்கும்க்கா. சேந்த புதுசுல கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பழகுனேன். எங்கம்மா விடிஞ்சதுலேருந்து பொழுதடையற வரைக்கும் சூளையில குனிஞ்சே நிப்பா. எங்கப்பா குனிஞ்சே செத்தாரு. எங்க வீட்டுல நிமிந்து நின்னவ நான் ஒருத்திதான். அவன் எடுத்துக்கிட்டது போதாதா? இதையும் நீங்க ஏன் எங்கிட்டேருந்து புடுங்குறீங்க?”

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. ஒரு நாற்காலியை இழுத்து பத்துவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சரி. அப்ப என்ன செய்யணும், நீயே சொல்லு.”

“தெரியல.”

“நாளைக்குப் போகணுமா வேணாமா?”

“அதுவும் தெரியல.”

“விடிஞ்சதும் சொல்லு. போகலாம்னா போவோம். வேணாம்னா உக்காந்து டீ குடிப்போம்.”

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “நான் பூட்ஸக் கழட்டலாமா?”

காலையில் மேஸ்திரி எழுந்து வந்தபோது பத்து சீருடையில் இருந்தாள். சட்டை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. இருவரும் பஸ் ஏறினார்கள்.

அதே அறை. அதே மூன்று பேர். பூட்ஸ் சத்தம் வந்தது.

மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்துவின் முதுகு நிமிர்ந்தது. நாற்காலியைவிட்டு உடம்பு மேலே எழும்பியது. வலது கை மடியைவிட்டுக் கிளம்பி மார்பு உயரத்துக்கு வந்தது. மேஜர் பதில் மரியாதைக்குத் தன் கையைத் தயாராக உயர்த்தியும்விட்டான். பத்து அப்படியே நின்றாள், பாதி எழுந்தும் பாதி எழாமலும், பார்க்க அசிங்கமாக. பிறகு கையைக் கீழே இறக்கினாள். சுமையை இறக்குவதுபோல மெதுவாக. உட்கார்ந்தாள்.

மேஜரின் கை அந்தரத்தில் நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

கர்னலின் முகம் இறுகியது. “சிப்பாய். எழுந்திரு.”

பத்து விருட்டென்று எழுந்தாள். குதிகால் சேர்ந்தது. கர்னலுக்கு நேராக ஒரு சல்யூட் வைத்தாள், நேற்று வைத்ததைவிட நன்றாக.

“உங்களுக்கு எந்திரிப்பேன் ஐயா. கொடிக்கு எந்திரிப்பேன். அவருக்கு எந்திரிக்க மாட்டேன். நேத்து எந்திரிச்சேன், அது பழக்கம். அதை வச்சு ஒண்ணுமே நடக்கலைன்னு எடுத்துக்கிட்டீங்க. இன்னைக்கு உக்காந்தேன். இதையும் எடுத்துக்கங்க. தண்டனை உண்டுன்னா கொடுங்க.”

வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். கர்னல் அவரைப் பார்க்காமலே உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு பத்துவின் பக்கம் திரும்பினார்.

“உட்கார். என்ன நடந்தது என்று சொல்.”

சொன்னாள். மலையடிவார முகாமில் எரிபொருள் நிரப்ப நிறுத்தியது, வண்டியைச் சோதிக்க வேண்டும் என்று மேஜர் கேபினுக்குள் ஏறியது, கதவு உள்ளே பூட்டிக்கொண்ட சத்தம், அதற்குப் பிறகு. நடுவில் இரண்டு தடவை நின்றாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வக்கீல் முந்தின நாள் கேள்வியை மறுபடி கேட்டார்: பிறகு ஏன் அதே வண்டி?

“சார், உங்க வீட்டுல திருடன் புகுந்துட்டான்னா வீட்டைவிட்டு யாரு போகணும்? நீங்களா, அவனா?”

வக்கீல் கையிலிருந்த தாளைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனார்.

முடிவு வருவதற்குள் ஒரு மழைக்காலம் போயிற்று. மேஜரை விலக்கிவைத்து வழக்கை ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அது இன்னும் எத்தனை வருடம் இழுக்குமோ. பத்து வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள், அதே பிரிவு, அதே வண்டி. சேதி வந்த அன்று மேஸ்திரி பள்ளிக்கூட பஸ் விஷயத்தைச் சொன்னாள்.

“நல்ல வேலைடி. கைக்கடக்கமான வண்டி. சாயந்திரம் வீட்டுக்கு வந்துரலாம்.”

“எத்தனை சக்கரம்?”

“ஆறு.”

பத்து சிரித்தாள். மேஸ்திரியும் சிரித்து வைத்தாள். பெட்டி கட்டும்போது கூடவே உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்தாள், தேவைக்கு மேல் மெதுவாக.

பத்து வேலைக்குத் திரும்பிய அன்று முகாம் வாசலுக்கு உள்ளே துணைக்கு அனுமதி இல்லை. அதனால் மேஸ்திரி வெளிப்பாதையில் சுற்றிப் போய்க் கம்பிவேலி ஓரம் நின்றாள். பத்து முற்றத்தைக் கடந்து போவது தெரிந்தது. வழியில் நின்ற சிலர் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும் தலையசைத்தான். முற்றத்தைக் கவனிக்கும் சார்ஜென்ட், நரைத்த மீசைக்காரர், சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அவள் கேபின் கதவைத் திறந்து ஏறினாள். யாரோ நெட்டையன் ஓட்டியிருக்க வேண்டும். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்தாள். பிறகு எதுவும் நடக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. அவள் முகம் மேஸ்திரிக்குத் தெரியவில்லை, தோள் மட்டும் தெரிந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. மேஸ்திரி வேலிக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறங்கிவிடு என்று ஒரு மனம் கெஞ்சியது. ஓட்டுடி என்று ஒரு மனம் அதட்டியது.

எஞ்சின் உறுமியது. புகை எழுந்தது. வண்டி நகர்ந்தது, கதவு திறந்தபடியே.

“கதவை மூடு,” என்று கத்தினார் சார்ஜென்ட்.

“முடியல சார்.”

“கதவைத் திறந்துபோட்டு வண்டி எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும் சார். இன்னைக்கு முடியல.”

அவர் இன்னும் ஏதோ கத்த வாயெடுத்தார். எடுத்தவர் நிறுத்திக்கொண்டு வண்டியோடு கூடவே நடக்கத் தொடங்கினார். ஆடிய கதவு தூணில் மோதிவிடாமல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். பத்துச் சக்கரமும் ஊர்ந்தன. அவரும் பக்கத்திலேயே நடந்தார், நேராக முன்னால் பார்த்தபடி. வண்டி முற்றத்தின் கோடியில் திரும்பி வேலிப் பக்கம் வந்தபோது பத்து மேஸ்திரியைப் பார்த்தாள். கையாட்டவில்லை; இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. அடுத்த சுற்றுக்கு வண்டியை ஒடித்துத் திருப்பினாள்.